மனச்சுமையும் வாழ்நிலையும்: மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் தலைவலி, உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, உடற்சோர்வு ஆகியவற்றைத் தயக்கமின்றிக் கூறுகின்றனர். வேலை போய்விட்டதையும், வட்டி கட்ட இயலாமல் நகை ஏலத்துக்குப் போகவிருப்பதையும், படுத்த படுக்கையாய் உள்ள மாமியாரைத் தாம் ஒருவராகவே கவனித்து வருவதையும் பெரும்பாலும் கூறுவதில்லை. "அது வீட்டு விஷயம், அதை மருத்துவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?" என்று எண்ணிவிடுகின்றனர். அந்த வீட்டு விஷயத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை நாம் அனைவரும் அறிந்துகொள்வது நலம்.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

ஆபத்து நேரும்போது நம்மைக் காப்பதற்கென உடலில் ஓர் ஏற்பாடு உண்டு. மூளை எச்சரிக்கை செய்தவுடன், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலின், கார்ட்டிசால் ஆகிய இயக்குநீர்களைச் சுரக்கின்றன. இதயத் துடிப்பு விரைவுபடுகிறது. இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் உயர்கின்றன. பாய்ந்து வரும் மாட்டிடமிருந்து விலகி ஓட இது உதவும். ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கடனும் தனிமையும் குடும்பச் சச்சரவும் அவ்வாறு சில நிமிடங்களில் நீங்குவன அல்ல. அவை மாதக்கணக்கில் நீடிக்கும்போது எச்சரிக்கை நிலையும் நீடிக்கிறது. உறக்கம் கெடுகிறது, எரிச்சல் மிகுகிறது, பசி குறைகிறது அல்லது அளவு மீறுகிறது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அவற்றைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது.

நோயாளரைப் பராமரிப்போர் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை 1995-ஆம் ஆண்டு வெளியிட்டனர். மறதி நோயுற்ற உறவினரைக் கவனித்து வந்த 13 பெண்களையும், ஒத்த வயதும் குடும்ப வருவாயும் உடைய, அப்பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். அனைவருடைய கையிலும் ஒரே அளவான சிறு காயத்தை ஏற்படுத்தி, அது ஆறும் நாட்களைக் கணக்கிட்டனர். பராமரிப்புச் சுமை உள்ளவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாயின. மனத்தின் களைப்பு தோலின் காயம் வரை எட்டுகிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

நம்பிப் பேச ஒருவர்

ஒரே வகையான இடர் நேர்ந்தாலும் சிலர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகின்றனர், சிலர் ஆளாவதில்லை. இதன் காரணத்தை ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்னும் இருவர் இலண்டன் நகரின் கேம்பர்வெல் பகுதியில் வாழ்ந்த பெண்களிடையே ஆராய்ந்து, 1978-இல் நூலாக வெளியிட்டனர். மனச்சோர்வு தோன்றும் முன்பு பெரும்பாலும் ஓர் இழப்போ நீடித்த இன்னலோ நிகழ்ந்திருந்தது. வேலையின்றி வீட்டிலேயே இருப்பது, பல சிறு குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு, இளமையிலேயே தாயை இழந்தமை ஆகியன அத்தகைய நேரத்தில் பாதிப்பை மிகுவித்தன. மனம் திறந்து பேசத்தக்க நெருங்கிய துணை ஒருவர் இருந்தால் அது பெருமளவு காத்தது.

இந்த உண்மையையே சிகிச்சையாக மாற்றிய நாடு ஜிம்பாப்வே. அங்கு ஷோனா மொழியில் 'மிகுதியாக யோசித்தல்' என்று பொருள்படும் சொல்லால் மக்கள் தம் மனத்துயரைக் குறிப்பிடுகின்றனர். "ஓயாத யோசனை, தூக்கமே இல்லை" என்று நம் ஊரில் கூறுவதும் இதையே அன்றோ! மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, 2006-இல் ஹராரே நகரில் பாட்டிமார் சிலருக்குப் பயிற்சியளித்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே மர இருக்கைகளில் அமர வைத்தார். வருபவரின் துயரை அவர்கள் பொறுமையுடன் கேட்பர். பல சிக்கல்களுள் ஒன்றைத் தெரிவு செய்து, அதற்கு அவரே ஒரு வழி காணுமாறு துணை நிற்பர். 573 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இவ்வுதவி பெற்றோரின் துயர் ஆறு மாதங்களுக்குப் பின் மற்றவரைவிடக் குறைந்திருந்தது.

நாம் செய்யத்தக்கவை

அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, நோய்க்குறிகளோடு இவற்றையும் கூறுங்கள்: வீட்டில் யார் யார் உள்ளனர், வருவாயில் அண்மையில் மாற்றம் நேர்ந்ததா, மருந்து வாங்கவோ பேருந்துக் கட்டணத்துக்கோ சிரமம் உண்டா, வீட்டில் குடிப்பழக்கமோ அடிதடியோ உள்ளதா. மருந்தின் விலை தாளாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உட்கொள்வோர் உளர். அதை அறிந்தால்தான் மருத்துவர் விலை குறைந்த மாற்று மருந்தைத் தர இயலும். காப்பீட்டுத் திட்டம், உதவித்தொகை ஆகியவற்றுக்கான வழியை மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டறியலாம். பிறர் முன்னிலையில் கூற இயலாதவற்றைத் தனியே பேச வேண்டுமெனக் கேட்பதில் தவறில்லை.

பராமரிப்போர் தம் பொறுப்பை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு பிற்பகலேனும் அண்ணனோ தங்கையோ பக்கத்து வீட்டாரோ நோயாளருடன் இருக்கட்டும். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "வியாழக்கிழமை மாலை நான் வந்து இருக்கிறேன், நீ சற்று உறங்கு" என்று உறவினர் கூறுவது மிகுந்த பயன் தரும்.

மனம் சோர்ந்த நிலை, எதிலும் நாட்டமின்மை, உறக்கக் குறைவு ஆகியன இரு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரை அணுகுங்கள். மருந்து தேவைப்பட்டால் அவர் தருவார். ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்தை அவரைக் கேளாமல் நிறுத்த வேண்டா. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது. அருகில் உள்ளவரிடம் உடனே சொல்லுங்கள். அவர் தனியே விடாமல் உடன் இருக்கட்டும். டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

வறுமையும் கடனும் தனிமையும் ஒருவருடைய மனவலிமைக் குறைவால் வருவன அல்ல. அவற்றால் மனம் வாடுவது, வெயிலில் நின்றவருக்குத் தாகம் எடுப்பது போன்ற இயல்பான நிகழ்ச்சியே. தாகத்தைச் சொன்னால் தண்ணீர் கிடைக்கும். ஆதலால், மருத்துவர் "வேறு ஏதேனும் உண்டா?" என்று கேட்கும்போது, "ஒன்றும் இல்லை" என்று எழுந்துவிடாமல், மனத்தில் உள்ளதைக் கூறுங்கள்.