முள் தெரிகிறதா? ஸ்கைடைவிங் ஹெல்மெட்டில் ஆவி படியாமல் இருக்கச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

குளிர்காலக் காலை. கலிபோர்னியாவில் ஒரு சிறிய விமானம் எங்களை 13,000 அடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் நுழைந்த குளிர் முகத்தைக் குத்தியது. குதிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியான வைசரை இறக்கி மூடிவிட்டேன். கதவு திறந்து என் முறை வந்தபோது கண்ணெதிரே வெள்ளைத் துணி கட்டியதுபோல் இருந்தது. வெளிக்காற்று பட்டால் தெளிந்துவிடும் என்று நம்பிக் குதித்தேன். தெளியவில்லை. இடது மணிக்கட்டில் இருந்த, உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் வெளிறிய வட்டமாகத் தெரிந்ததே தவிர, அதன் முள் தெரியவில்லை. காதோரம் வைத்திருந்த ஒலி ஆல்டிமீட்டர் கூவியதால்தான் சரியான உயரத்தில் பாராசூட்டை விரித்தேன்.

அன்றைய தவறு முழுக்க என்னுடையது. அதன் பிறகு, முதல்முறையாக ஃபுல்-ஃபேஸ் ஹெல்மெட் வாங்கும் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிவருகிறேன்: ஆவியைத் தரையிலும் விமானத்திலுமே தடுத்துவிடுங்கள், விழும்போது அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

ஏன் படிகிறது?

நாம் விடும் மூச்சு கிட்டத்தட்ட உடல் சூட்டில், ஈரம் நிறைந்து வருகிறது. வெளிக்காற்றோ உயரம் ஏற ஏற, 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் குளிர்கிறது. தரையில் 30 டிகிரி செல்சியஸ் என்றால், 4,000 மீட்டரில் (சுமார் 13,000 அடி) 4 டிகிரிதான். தரையிலேயே 10 டிகிரி என்றால் மேலே மைனஸ் 16. சோற்றுப் பானையின் மூடியில் நீர் கோர்ப்பதுபோல, குளிர்ந்த வைசரின் உள்பக்கம் மூச்சின் ஈரம் துளித்துளியாகக் கோர்க்கிறது. உறைநிலைக்குக் கீழே போனால் அதுவே பனிப்படலமாகவும் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு இரண்டு காவல்கள். மூச்சை வைசர் பக்கம் போகவிடாமல் வெளியேற்றும் காற்றோட்டம் ஒன்று. ஈரத்தைத் துளியாகச் சேரவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பும் ஆவித்தடுப்புப் பூச்சு இன்னொன்று. கீழே உள்ள எல்லாமே இந்த இரண்டையும் காப்பதற்குத்தான்.

செய்ய வேண்டியவை

1. வாங்கும் முன் மூச்சு விட்டுப் பாருங்கள். ஹெல்மெட்டை அணிந்து, தாடைப் பட்டையை இறுக்கி, வைசரை மூடுங்கள். மாடிப்படி ஏறி வந்தவர்போல இரண்டு நிமிடம் வேகமாக மூச்சு விடுங்கள். மூக்குக்கு மேல் மூச்சைக் கீழ்நோக்கித் திருப்பும் தடுப்பு இருக்கிறதா, தாடைப் பகுதியில் காற்றுத் துவாரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்கைடைவிங் ஹெல்மெட்டுகளுக்கென்றே எக்ஸ்பி எஸ் 72-600 என்ற பிரெஞ்சுத் தரநிலை இருக்கிறது. பாதுகாப்புக்கு அதைக் கேட்டு வாங்குவது நல்லது. ஆனால் ஆவி படிவது உங்கள் மூக்கையும் முக அமைப்பையும் பொறுத்தது. நண்பருக்குத் தெளிவாக இருக்கும் ஹெல்மெட் உங்களுக்கு மங்கலாம்.

2. விமானத்தில் வைசர் திறந்தே இருக்கட்டும். விமானம் கிளம்பும்போது ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டும்; வைசரை மட்டும் மேலே தூக்கி வையுங்கள். விழும்போது மூச்சை அடித்துச் செல்லக் காற்று இருக்கிறது. விமானத்துக்குள் அது இல்லை. ஆகவே ஆவி படிவதற்கு மிகத் தோதான நேரம் மேலே ஏறும் இந்தக் கால் மணி நேரம்தான். கதவு திறந்து, நீங்கள் எழுந்து நகரும் கடைசித் தருணத்தில் மூடினால் போதும்.

3. கையுறையோடு திறந்து பழகுங்கள். வலக்கை, இடக்கை இரண்டாலும், கண்ணை மூடிக்கொண்டு, தரையில் இருபது முறை. வைசரின் பிடி எங்கே என்று விரல் தானாகத் தேடிப் போக வேண்டும்.

4. ஒலி ஆல்டிமீட்டர் வையுங்கள். கண் மறைந்தாலும் காது இருக்கிறது. குழுவிலிருந்து பிரியும் உயரம், பாராசூட் விரிக்கும் உயரம், அவசர முடிவுக்கான உயரம் மூன்றையும் அதில் பதிவு செய்யுங்கள். பேட்டரியை அன்று காலையே பாருங்கள்.

5. வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். ஒரு சொட்டு மென்மையான சோப்பு, வெளிப்பக்கத்துக்குச் சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, பிறகு நிழலில் காற்றாட விடுங்கள். உள்பக்கப் பூச்சு ஈரமாக இருக்கும்போது எளிதில் கீறல் விழும். அதனால் உள்பக்கத்தைத் தேய்க்காமல் தானாக உலரவிடுவதே நல்லது. பூச்சு தேய்ந்துவிட்டால், தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட ஆவித்தடுப்பு திரவத்தைத் தடவலாம், அல்லது வைசரை மாற்றலாம்.

6. உள்பஞ்சைக் காயவையுங்கள். நேற்றைய வியர்வை பஞ்சில் தங்கியிருந்தால், இன்று தலைச்சூடு பட்டதும் ஆவியாகி வைசரைத்தான் தேடிப் போகும். ஒவ்வொரு நாளும் முடிந்ததும் ஹெல்மெட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்துத் திறந்து வையுங்கள்.

7. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதற்கும் ஆவித்தடுப்பு தடவுங்கள். வைசர் தெளிவாக இருந்து மூக்குக்கண்ணாடி மங்கினாலும் விளைவு ஒன்றுதான்.

8. பாராசூட் விரிந்து, சரியாக இருக்கிறதென்று உறுதியானதும் வைசரைத் திறந்துவிடுங்கள். வேகம் குறைந்ததும் ஹெல்மெட்டுக்குள் காற்றோட்டமும் குறைகிறது, மூச்சும் வாங்குகிறது. இறங்கும் பாதையில் மற்ற பாராசூட்டுகளைக் கவனிக்க வேண்டிய நேரம் இது.

செய்யக்கூடாதவை

1. கழுத்துத் துணியை மூக்குவரை இழுக்காதீர்கள். குளிருக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் கீழே போக வேண்டிய மூச்சு துணியில் முட்டி, மூக்கின் ஓரமாக மேலேறி நேராக வைசரில் படியும். துணி தாடைக்குக் கீழேயே இருக்கட்டும்.

2. காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள். டேப், ஸ்டிக்கர், கேமராப் பிடிமானம் எதுவும் அவற்றின் மேல் வரக்கூடாது.

3. துவாரம் போதவில்லை என்று நீங்களாகத் துளை போடாதீர்கள். ஹெல்மெட் ஓடு அடி தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. துளையிட்டால் அந்த வலு குறையும்.

4. அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம், அசிட்டோன், பற்பசை வேண்டாம். முதல் இரண்டும் பாலிகார்பனேட்டையும் பூச்சையும் கெடுக்கும். பற்பசை நுண்கீறல் போடும். வெயிலுக்கு எதிராகப் பார்க்கும்போது அந்தக் கீறல் ஒவ்வொன்றும் ஒளிரும்.

5. விமானத்தில் கையுறையால் உள்பக்கம் துடைக்காதீர்கள். ஈரம் இழுபட்டுப் பரவும், பூச்சு போய்விடும். வைசரைத் திறந்து வைத்தால் தானே தெளியும்.

6. ஹெல்மெட்டைக் கதவோரத் தரையில் வைக்காதீர்கள். குளிர்ந்துபோன வைசரைத் திரும்ப அணிந்தால் முதல் மூச்சிலேயே மங்கும். கதவு திறந்ததும் உருண்டு வெளியே விழுந்தால் கீழே இருப்பவர்களுக்கு ஆபத்து. காரின் டாஷ்போர்டில் வெயிலிலும் விடாதீர்கள்.

7. பைக் ஹெல்மெட்டை அணிந்து குதிக்காதீர்கள். அதன் கனமும் பருமனும் பாராசூட் விரியும்போது கழுத்தை இழுக்கும். கீழே குனிந்து பாராசூட் கைப்பிடிகளைப் பார்க்கவும் இடைஞ்சல்.

விழும்போது படிந்துவிட்டால்

வயிறு தரையைப் பார்க்க விழும் ஒருவரின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். அதாவது 1,000 அடி கடக்க ஆறு வினாடிகூட ஆகாது. வைசரோடு பத்து வினாடி போராடினால் 1,700 அடிக்கு மேல் போய்விட்டது. அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிப்படி மாணவர்களும் 'ஏ' உரிமம் பெற்றவர்களும் 3,000 அடிக்குக் கீழே இறங்கும் முன் பாராசூட்டை விரித்தாக வேண்டும். இந்தக் கணக்கில் வைசருக்கு ஒதுக்க நேரமே இல்லை.

ஆகவே, மங்கியதும் செய்ய வேண்டியது சுருக்கமானது. உடலை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். உயரம் நிறைய இருந்து, உங்கள் ஹெல்மெட்டில் அது முடியும் என்று பயிற்றுநர் சொல்லியிருந்தால், ஒரே ஒரு முறை வைசரைச் சற்றுத் திறந்து பாருங்கள். தெளியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். மற்றவர்களை விட்டு விலகி, விரிக்கப்போவதாகக் கையசைத்துக் காட்டி, பாராசூட்டை விரியுங்கள். எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று தெரியாத நொடியே பாராசூட்டை விரிக்க வேண்டிய நொடி. சீக்கிரம் விரித்ததற்காக யாரும் உங்களைக் குறைசொல்ல மாட்டார்கள்.

பிரதான பாராசூட் சரியாக விரியாவிட்டால், வலப்பக்கக் கைப்பிடி அதைக் கழற்றிவிட, இடப்பக்கக் கைப்பிடி மாற்றுப் பாராசூட்டுக்கு. இரண்டையும் பார்த்து, பிடித்து, இழுப்பதே முறை. பார்க்க முடியாத நாளுக்காகத் தடவியும் கண்டுபிடிக்கப் பழகியிருங்கள்.

இப்போது கதவருகே நான் தவறாமல் செய்யும் ஒரு சோதனை உண்டு. வைசரை மூடுகிறேன். இரண்டு முறை ஆழமாக மூச்சு விடுகிறேன். பிறகு மணிக்கட்டைத் திருப்பி, ஆல்டிமீட்டர் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறேன். சொல்ல முடிந்தால் குதிப்பேன். முடியாத அன்று, பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். விமானத்திலேயே இறங்கி வருவேன்.