படகு மோட்டார் சூடாகுதா? தண்ணி போற பாதையிலேயே தேடுங்க!

இன்ஜின் ஹீட் ஆகுறதுன்னா என்னன்னு புளியறைக்காரங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. லோடு ஏத்தின லாரி எஸ் வளைவுல திணறி ஏறுறதும், ஓரங்கட்டி ஆவி விட்டுக்கிட்டு நிக்கிறதும் நாம பார்த்துப் பழகின காட்சிதான். அந்தச் சாலை, தேசிய நெடுஞ்சாலை 744, ஆரியங்காவு, புனலூர் தாண்டி கொல்லத்துல போய் முடியுது. அங்கே நீண்டகரை கடல்ல ஓடுற படகுகளோட மோட்டாருக்கும் இதே நோய்தான் வருது. ஆனா மருந்து வேற. ஏன் வேறன்னு புரிஞ்சா, ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல பாதி புரிஞ்ச மாதிரி.

முதல்ல கொஞ்சம் வரலாறு. படகோட பின்பலகையில மாட்டித் தொங்கவிடுற மோட்டார்தான் அவுட்போர்டு. இதை 1909ல பெரிய அளவுல விற்பனைக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கினவர் ஓலே எவின்ரூட். நார்வேயில பிறந்து அமெரிக்காவுல வளர்ந்தவர். நீண்டகரைக்கு இன்ஜின் வச்ச மீன்பிடிப் படகுகள் வந்ததும், 1952ல கையெழுத்தான இந்தோ-நார்வே திட்டம் வழியாத்தான். நாட்டு வள்ளங்கள்ல அவுட்போர்டு பரவினது அதுக்கு அப்புறம், 1980கள்ல.

லாரிக்கும் படகுக்கும் என்ன வித்தியாசம்?

லாரி தன்னோட தண்ணியைத் தானே சுமக்குது. ரேடியேட்டர், இன்ஜின், மறுபடி ரேடியேட்டர்னு அதே கூலன்ட் சுத்திச்சுத்தி வரும். மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிறதால, 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காது.

படகு மோட்டாருக்கு ரேடியேட்டரே கிடையாது. கடல்தான் அதோட ரேடியேட்டர். கீழே புரொப்பல்லருக்குப் பக்கத்துல ஒரு சல்லடை இருக்கும், தண்ணி அது வழியா உள்ளே வரும். அதுக்கு மேல, டிரைவ் ஷாஃப்ட்லயே மாட்டின ரப்பர் இம்பெல்லர் அதை ஒரு குழாய் வழியா மேலே தள்ளும். தண்ணி சிலிண்டரைச் சுத்தி வந்து, புகையோட சேர்ந்து கீழே வெளியேறிடும். அதுல கொஞ்சம் மட்டும் பக்கத்துல ஒரு சின்னத் துளை வழியா பீச்சும். மோட்டாருக்கு நாடி பார்க்கணும்னா அந்தத் தண்ணியைப் பாருங்க.

ஒரு சின்னக் கணக்கு

9.9 எச்.பி. மோட்டார்னு வச்சுக்குவோம். ஷாஃப்ட்ல கிடைக்கிறது சுமார் 7.4 கிலோவாட். திறன் 25 சதவீதம்னு எடுத்தா, எரிபொருள் கொடுக்கிற வெப்பம் கிட்டத்தட்ட 30 கிலோவாட். அதுல மூணுல ஒரு பங்கு, அதாவது 10 கிலோவாட், தண்ணியில போகுதுன்னு வைங்க. கடல் தண்ணி ஒரு கிலோ ஒரு டிகிரி ஏற சுமார் 4 கிலோஜூல் வேணும். நிமிஷத்துக்கு 6 லிட்டர் ஓடினா, வெப்பநிலை 25 டிகிரி ஏறும். 28 டிகிரியில உள்ளே வந்த தண்ணி 53ல வெளியே போகும். பிரச்சினை இல்லை.

ஓட்டம் பாதியாச்சுன்னா ஏத்தம் 50 டிகிரி. வெளியே வர்றது 78. கொதிக்கலை, ஆனா இந்தச் சூட்டுல உப்பு படிய ஆரம்பிச்சிடும். ஓட்டம் கால்வாசி ஆச்சுன்னா கணக்குப்படி 128. அதாவது உள்ளேயே ஆவி ஆயிடும். ஆவிக்குத் தண்ணி மாதிரி வெப்பத்தை வாங்குற சக்தி கிடையாது. அதுக்கப்புறம் பிஸ்டன் ஜாம் ஆக ரொம்ப நேரம் ஆகாது. இது தோராயக் கணக்குதான். ஆனா எங்கே தேடணும்னு இதுவே சொல்லிடுது: பெரும்பாலும் தண்ணி ஓட்டத்துலதான் கோளாறு.

தேடுற வரிசை

வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததுல இருந்து செலவுள்ளதுக்கு. இதுதான் விதி. எடுத்தவுடனே ஹெட்டைக் கழட்டாதீங்க.

ஒண்ணு, பீச்சுற துளை. தண்ணி வரலையா? இன்ஜினை நிறுத்திட்டு, மீன்பிடி நைலான் நரம்பை உள்ளே விட்டுக் குத்திப் பாருங்க. மணலோ உப்போ அடைச்சிருக்கலாம். அடைப்பு எடுத்ததும் தண்ணி வந்துட்டா, கோளாறு துளையில மட்டும்தான்.

ரெண்டு, கீழே இருக்கிற சல்லடை. பிளாஸ்டிக் பை, வலைத் துண்டு, பாசி எல்லாம் இங்கேதான் வந்து ஒட்டும். மோட்டாரை ரொம்ப மேலே தூக்கி மாட்டியிருந்தாலோ, சாய்ச்சு வச்சிருந்தாலோ சல்லடை தண்ணிக்கு வெளியே வந்து காத்தை இழுக்கும். அதையும் பாருங்க.

மூணு, இம்பெல்லர். இதோட ரப்பர் இதழ்கள்தான் மோட்டாரோட ஆயுளே. தண்ணி இல்லாம சில விநாடி ஓடினாலே கருகிடும். கரையில வச்சு "சும்மா ஒரு ஸ்டார்ட்" போட்டுப் பார்க்கிறவங்க கவனிக்க! கழட்டிப் பார்க்கிறப்போ இதழ் வளைஞ்சே நிக்குதா, வெடிச்சிருக்கான்னு பாருங்க. ஒரு இதழ் காணோம்னா, அந்தத் துண்டு மேலே போற குழாயில எங்கேயோ உட்கார்ந்திருக்கு. அதைக் கண்டுபிடிக்காம புது இம்பெல்லர் போட்டா வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. பம்ப் உறையில மணல் கீறல் இருந்தா அதையும் மாத்தணும்.

நாலு, தெர்மோஸ்டாட். எல்லா மாடல்லயும் இருக்காது. இருந்தா, கழட்டி ஒரு பாத்திரத் தண்ணியில போட்டுச் சூடாக்குங்க, கூடவே ஒரு தெர்மாமீட்டர். லாரியில இது 80 டிகிரிக்கு மேலதான் திறக்கும். அவுட்போர்டுல பொதுவா 50, 60 டிகிரி பக்கமே திறந்திடும். உப்பு படியக்கூடாதுன்னுதான் இப்படி டிசைன் பண்ணியிருக்காங்க. அதனால லாரி தெர்மோஸ்டாட்டை இதுல மாட்டுற ஐடியா எல்லாம் வேண்டாம்.

அஞ்சு, உள்வழி உப்பு. பீச்சுற தண்ணி நல்லா வருது, ஆனாலும் மோட்டார் சூடாகுதுன்னா குழம்பாதீங்க. சில மாடல்ல அந்தத் தண்ணி சிலிண்டர் ஹெட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே பிரிஞ்சு வந்திடும். அதனால வெளியே வருதுங்கிறது உள்ளே போகுதுங்கிறதுக்குச் சாட்சி ஆகாது. ஹெட்டுல இருக்கிற வழிகள் அடைச்சிருக்கலாம். இதுக்குத் தடுப்பு ரொம்ப எளிமை: கடல்ல ஓடி வந்ததும் நல்ல தண்ணி விட்டு அலசணும்.

ஆறு, தண்ணிக்குச் சம்பந்தமில்லாத காரணங்கள். டூ ஸ்ட்ரோக்ல ஆயில் குறைவு, காத்து அதிகமான கலவை, தப்பான டைமிங், ஹெட் கேஸ்கட் கசிவு. இதெல்லாம் கடைசியில பார்க்க வேண்டியது.

நடுக்கடல்ல ஆச்சுன்னா?

இங்கேதான் லாரி அறிவு நம்மளை ஏமாத்தும். கூலன்ட் குறையாத லாரி மேட்டுல சூடானா, நியூட்ரல்ல கொஞ்ச நேரம் ஓடவிட்டா ஆறும். ஃபேனும் பம்பும் வேலை செய்யுதே! படகுல தண்ணி ஏறலைன்னா, ஓடவிடுற ஒவ்வொரு விநாடியும் சூடுதான் ஏறும். உடனே நிறுத்துங்க. நங்கூரம் போடுங்க, இல்லைன்னா நீரோட்டம் படகை இழுத்துட்டுப் போயிடும். லைஃப் ஜாக்கெட் மேல இருக்கட்டும். சூடான இன்ஜின் மேல பச்சைத் தண்ணியைக் கொட்டாதீங்க, விரிசல் விடும். ஆறின பிறகு முதல் ரெண்டு சோதனையை மட்டும் செய்ங்க. பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பைதான் வில்லனா இருக்கும்.

லாரி புளியறையில நின்னா பின்னாடி வர்ற வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார், திட்டுவார், ஆனா இறங்கித் தள்ளியும் விடுவார். கடல்ல பின்னாடி வண்டி வராது. ஒரு நாள் பாடு போறது மட்டும் இல்லை, கரைக்குத் திரும்புறதே அந்த மோட்டாரை நம்பித்தான். அதனால புறப்படுறப்பவே அரை நிமிஷம் நின்னு, அந்தச் சின்னத் துளையில தண்ணி பீச்சுதான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க. உதிரியா ஒரு இம்பெல்லரும் ஒரு முழம் நைலான் நரம்பும் பெட்டியில இருக்கட்டும்.

நாளைக்கு நீங்க பார்க்கப்போறது சர்வர் ரூம் ஏசியா இருக்கலாம், பைக்கா இருக்கலாம், ஃபேக்டரி கம்ப்ரஸரா இருக்கலாம். வெப்பத்தை யார் சுமந்துட்டுப் போறாங்கன்னு முதல்ல கேளுங்க. அந்த ஆள் நடக்கிற வழியிலேயே நீங்களும் நடந்து பாருங்க. எங்கே அவர் நின்னுட்டாரோ, கோளாறு அங்கேதான்.