பயிர்நோயை எண்ணும் முறை

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்புறத்தே கிடக்கும் தம்பலகாமக் குடாவைக் கடந்தால், குளக்கோட்டன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் நெல்வயல்களைக் காணலாம். இத்தகைய வயல்களில் எரிபந்த நோய் தோன்றுங்கால், நோயுற்ற பயிர்கள் எங்கும் சீராகச் சிதறி நிற்பதில்லை. ஓரிடத்தில் திட்டாய்த் தோன்றி, அங்கிருந்தே விரிகின்றன. காற்றிற் பறக்கும் பங்கசு வித்திகளுட் பல அயற்பயிரிலேயே வீழ்வதால் இவ்வாறு நிகழ்கின்றது. கமக்காரர் கண்ணாற் கண்டறிந்த இதனைக் கணக்கிடுவோர் மறப்பின், பயனற்ற மருந்தொன்று பயனுடையதெனப் பெயர் பெறும். அதற்குக் காசிறைப்பவர் அக்கமக்காரரே.

எட்டு வயற்றுண்டுகளுள் எழுமாறாகத் தெரிந்த நான்கிற்கு மருந்து தெளித்து, ஏனைய நான்கை வாளா விட்டோம் எனக் கொள்வோம். துண்டொன்றுக்கு 50 பயிராக, ஒவ்வொரு பக்கத்திலும் 200 பயிரை எண்ணுகிறோம். நாணயத்தை 200 முறை சுண்டியதுபோல் இதனைக் கருதி, ஈருறுப்புப் பரம்பலைக் கையாளுதல் பொருந்தாது. ஒரே துண்டிலுள்ள பயிர்களிடையே இணைபு 0.1 ஆயின், மாறற்றிறன் 1 + (50 − 1) × 0.1, அதாவது 5.9 மடங்காகப் பெருகும். 200 பயிர்கள் தரும் செய்தி, ஒன்றையொன்று சாராத ஏறத்தாழ 34 பயிர்கள் தருவதேயாம்! அதே 200 பயிரை 20 துண்டுகளிற் பத்துப்பத்தாக எண்ணினால், இணைபு மாறாதிருக்குமாயின், பெருக்கம் 1.9 மட்டுமே, செய்தி 105 பயிர்களுக்குச் சமனாகும். ஆயினும் துண்டுகளை மிகச் சிறிதாக்கினால், வித்திகள் வரம்பு தாண்டி அயற்றுண்டிற்குச் சென்று பரிசோதனையையே குழப்பும்.

இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் நிலையத்தில் 1919இற் சேர்ந்த பிஷர், பரிகரிப்புக்களை எழுமாறாக ஒதுக்கும் முறையை நிலைநாட்டினார். அங்கேயே பணியாற்றிய கொக்கிரன், நோயுற்ற பயிர்களின் வயல் எண்ணிக்கைகளை ஆராய்ந்து 1936இற் கட்டுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டவற்றுள் அவுஸ்திரேலியத் தக்காளிப் பயிரைத் தாக்கிய வைரசு நோயும் ஒன்று. துண்டுக்குத் துண்டு நோயின் நிகழ்தகவே மாறுமெனக் கொள்ளும் பரம்பலை 1948இல் ஸ்கெலம் விளக்கினார். இன்று கணினி இவற்றை நொடியிற் செய்கின்றது.

கணினி இல்லாத மாணவரும் மயங்க வேண்டியதில்லை. துண்டொவ்வொன்றுக்கும் நோயுற்ற பயிர்களின் சதவீதத்தைக் கணித்து, அதனை ஓர் அளவீடாகக் கொள்க. நமது உதாரணத்தில் ஒப்பிடவேண்டியவை 400 பயிர்களல்ல, எட்டு எண்களே. அவ்வெட்டு எண்களைக்கொண்டு வேறுபாட்டை நிறுவ முடியாவிடின், அடுத்த போகத்தில் துண்டுகளின் தொகையைக் கூட்டி மீண்டும் விதைக்கலாம்.