அடிபட்ட பிறகும் நன்றியோடு வாழ: தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

1975-இல் பெங்களூரில் நடந்த கடற்படை அதிகாரித் தேர்வில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார் ஆய்க்குடி எஸ்.ராமகிருஷ்ணன். அப்போது அவர் பொறியியல் மாணவர். தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றுப் படுகையில் இருக்கும் தன் ஊரான ஆய்க்குடிக்குத் திரும்பி, 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இந்த வழிகாட்டி அவரிடமிருந்து கற்றுக்கொள்ள முயல்கிறது.

படி 1: முதலில் அழுங்கள்

பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஓர் ஆறுதலும் கொண்டுவருவார்கள்: "உன்னயவிடக் கஷ்டப்படுதவங்க எத்தன பேரு இருக்காவ!" அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் பிறர் துன்பத்தை அளந்து பெறும் நிம்மதி அடுத்த வலிவரைகூடத் தாங்காது. வலிக்கிறது என்று சொல்லவே அடிபட்டவர் கூசிப்போவார். ஆகவே வீட்டாரே, அழுகையைத் தடுக்காதீர்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள், அல்லது பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

படி 2: உடம்பைக் கவனியுங்கள்

உணர்ச்சியற்ற இடத்தில் படுக்கைப்புண் வருவது தெரியாது. படுக்கையில் இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டு, இடுப்பு, குதிகால், முதுகைத் தினமும் பார்க்க வேண்டும். புண்ணும் காய்ச்சலுமாகக் கிடப்பவரிடம் நன்றியுணர்வைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

படி 3: நன்றிக்கு ஒரு பெயர் வையுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்பது மனதில் ஒட்டாது. ராமகிருஷ்ணன் தன் சங்கத்துக்கு 'அமர்' என்று பெயர் வைத்தது, தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலை நினைத்துத்தான். அவர் நன்றி சொன்னது விபத்துக்கு அல்ல, ஒரு மனிதருக்கு. விபத்தை நல்லதென்று ஏற்கச் சொல்லி உங்களையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்கவைத்த மதினி, ஆட்டோவுக்குள் தூக்கி உட்காரவைத்த டிரைவர் என்று ஒவ்வொருவராக நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவர் செய்ததை அவரிடமே சொல்லுங்கள்.

படி 4: வாங்குவதோடு நிற்காதீர்கள்

சங்கத்தில் பின்னாளில் சேர்ந்த எஸ்.சங்கரராமன் தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர், பட்டயக் கணக்காளர். தன் கணக்கறிவை அங்கே கொடுத்தார். நீங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரலாம். டியூஷனுக்குக் காசு கொடுத்தால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.