இன்ஜின் கூட்டிப்போன ஊர்கள்

அன்பு மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. ராணுவத்தில் அக்னிவீரனாக நாலு வருஷம் முடிந்ததும் ஊரில் வந்து உட்காரமாட்டேன், உங்களைப்போல நாடு நாடாகச் சுற்றப்போகிறேன், பிரெஞ்சு ஃபாரின் லீஜனில் சேரலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மா கண்ணில் இது பட்டிருந்தால் பழி என் தலையில்தான் விழுந்திருக்கும். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நான் சுற்றியதாக நீ நினைப்பது வேறு, நடந்தது வேறு.

எந்த நாட்டையும் பார்க்கவேண்டும் என்று நான் கிளம்பவில்லை. ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் சேர்ந்தேன். செகந்திராபாத்தில் வண்டி மெக்கானிக் வேலை கற்றுக்கொடுத்தார்கள். அதன்பிறகு நான் போனதெல்லாம் ஏதோ ஒரு டீசல் இன்ஜின் மக்கர் செய்த இடத்துக்குத்தான். லடாக்கில் சக்திமான் லாரிகள். குளிர்காலத்தில் டீசலில் இருக்கும் மெழுகு இறுகி ஃபில்டரை அடைத்துவிடும். விடிவதற்கு முன்பே சம்ப்புக்குக் கீழே ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஆயில் இளகும்வரை கையை அக்குளில் சொருகிக்கொண்டு நிற்போம். வெறுங்கையால் ஸ்பேனரைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசல் 2019-இல்தான் அந்தப் பக்கம் வந்தது. இப்போது இருக்கிற பையன்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ராணுவத்திலிருந்து பென்ஷனோடு வெளியே வந்தபிறகு ஓமனுக்குப் போனேன். அங்கே அப்படியே தலைகீழ். மணல் ரேடியேட்டருக்குள் போய் அடைந்து, ஜெனரேட்டர் சூடேறி நின்றுவிடும். பிறகு உகாண்டா, மொபைல் டவர் ஜெனரேட்டர்கள். போடா-போடா என்கிற வாடகை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மடியில் உதிரி பாகங்களைக் கட்டிக்கொண்டு செம்மண் ரோட்டில் போவேன். அங்கே ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்றால் பாதி நேரம் பழுதே இருக்காது. டேங்கில் டீசல்தான் இருக்காது. ராத்திரி யாரோ உறிஞ்சியிருப்பார்கள். கத்தினால் ஒன்றும் நடக்காது. காவல்காரரோடு உட்கார்ந்து மத்தோக்கே சாப்பிடவேண்டும், அவித்து மசித்த வாழைக்காய். பேச்சோடு பேச்சாக, எடுத்தவன் பெயர் வந்துவிடும்.

கையில் ஒரு வேலை தெரிந்தது, அதற்கு ஆள் கேட்ட இடத்துக்குப் போனேன், அவ்வளவுதான். நான் ஓமனுக்கு விமானம் ஏறியதைத் துணிச்சல் என்று உன் அப்பா சொல்லுவான். ஊரில் மாதாமாதம் பென்ஷன் விழுந்துகொண்டிருந்தவனுக்கு என்னடா துணிச்சல்? உனக்கு அது கிடையாது. அக்னிவீரனுக்கு நாலு வருஷம் முடிந்தால் சேவா நிதி சுமார் 11.7 லட்சம், அதோடு சரி. நூறு பேரில் 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பணம் எந்த மாதம் உன் கைக்கு வரும் என்று உனக்கு முன்னால் வெளிநாட்டு வேலை ஏஜெண்டுக்குத் தெரிந்திருக்கும்.

லீஜன் விஷயத்துக்கு வருகிறேன். அதில் சேரக் காசு கிடையாது, ஏஜெண்டும் கிடையாது. பிரான்சுக்கு நீயே போய் அவர்கள் வாசலில் நிற்கவேண்டும். வேறு நாட்டில் ஆள் எடுப்பதில்லை. எடுத்துக்கொண்டால் முதல் ஒப்பந்தம் ஐந்து வருஷம். புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்களைக் காட்டி எவனாவது ஆசை காட்டினால் நம்பாதே. பிரெஞ்சுக் குடியுரிமையோடு அந்நாட்டு ராணுவத்தில் இருந்தவர்கள் அவர்கள். அது வேறு கதை. ரஷ்யாவில் உதவியாளர் வேலை என்று கூட்டிப்போய், உக்ரைன் போர்முனையில் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்தப் பையன்களில் சிலர் உயிரோடு திரும்பவில்லை. 2024-இல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. துப்பாக்கி பிடிக்க மட்டுமே தெரிந்தவனுக்கு வெளிநாட்டில் பெரும்பாலும் மால் வாசலில் காவல் வேலை கிடைக்கும், இல்லாவிட்டால் அடுத்தவன் சண்டை.

அதனால் இருக்கிற காலத்துக்குள் எம்.டி. என்கிற வண்டிப் பிரிவுப் பக்கம் நுழைந்துவிடு. ஹெவி லைசென்ஸ் எடு, ஒர்க்‌ஷாப்பில் கையை அழுக்காக்கு. பத்தாவதோடு சேர்ந்தவன் நீ, என்.ஐ.ஓ.எஸ். என்கிற திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாவது சான்றிதழ் வாங்க வழி வைத்திருக்கிறார்கள், விட்டுவிடாதே. வளைகுடா வேலை வந்தால், ஏஜெண்டுக்கு அரசு லைசென்ஸ் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார். சட்டப்படி அவன் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடு. ஆப்பிரிக்கா என்றால், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலேயே போட்டுக்கொள். அந்த அட்டை இல்லாமல் திரும்பினால் ஏர்போர்ட்டிலிருந்தே தனி வார்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று முதலாளி கேட்டாலும் கொடுக்காதே.

லீவு தேதி தெரிந்ததும் எழுது. கொல்லையில் டீசல் பம்புசெட் ஒன்று ஓடாமல் கிடக்கிறது. உன்னை வைத்தே அதைப் பிரித்துப் பூட்டலாம் என்றிருக்கிறேன். பழைய சட்டை இரண்டு எடுத்துவா.

இப்படிக்கு,
பெரியப்பா