தோணிரேவும் தீர்த்தமும்

சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் மீனவர்கள் வாழும் சிற்றூர் தோணிரேவு. கோயிலில் நாம் கைநீட்டி வாங்கும் தீர்த்தத்தின் பொருள் இந்த ஊர்ப்பெயருக்குள் ஒளிந்திருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

தோணி என்றால் படகு. 'ரேவு' தெலுங்குச் சொல். படகு கரைசேரும் இடம், நீரில் இறங்கும் இடம் என்று பொருள். துறைமுகத்தைத் தெலுங்கில் 'ஓடரேவு' என்பார்கள். இந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவிலும் தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. அதனால் ஊர்ப்பெயரிலும் இரு மொழிகள் கைகோத்துக்கொண்டன.

ரேவுக்கு நேரான தமிழ்ச்சொல் 'துறை'. மயிலாடுதுறை, திருவாவடுதுறை என எத்தனை தலங்கள்! பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகரை, ஈசன் குருந்தமரத்தடியில் குருவாக வந்து ஆட்கொண்டது திருப்பெருந்துறையில். அதுவே இன்றைய ஆவுடையார்கோவில்.

துறையைத்தான் வடமொழி 'தீர்த்தம்' என்கிறது. 'கடத்தல்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்த சொல் இது. ஆற்றில் இறங்கிக் கடக்கும் இடம் முதலில் தீர்த்தம் எனப்பட்டது. பிறகு அங்குள்ள புனித நீருக்கும் அப்பெயர் வந்தது. சமணர்கள் போற்றும் 24 தீர்த்தங்கரர்களும், பிறவிக்கடலைக் கடக்கத் துறை அமைத்தவர்கள் என்றே அப்பெயர் பெற்றனர்.

துறை இருந்தால் போதுமா? தோணியும் வேண்டுமே! சீர்காழியின் 12 பெயர்களுள் ஒன்று தோணிபுரம். பிரளய வெள்ளத்தில் பிரணவமே தோணியாக, உமையுடன் ஈசன் வந்து தங்கிய தலம் என்கிறது புராணம். அங்கே நடுத்தளத்தில் தோணியப்பரைத் தரிசிக்கலாம். பழவேற்காடு ஏரிக்கும் தெலுங்கில் 'பிரளய காவேரி' என்றொரு பெயர் உண்டு என்பது கூடுதல் செய்தி.

ஏரியும் கடலும் சேரும் இடம் முகத்துவாரம். பழவேற்காட்டில் அது மணலால் தூர்ந்துபோவது உண்டு. அப்போது கடல்நீர் வரத்து குறையும். மீனும் இறாலும் குறையும். படகுகள் கடலுக்குப் போக வழியின்றித் தவிக்கும். வழி அடைபட்டால் தோணி இருந்தும் பயனில்லை.

நம் கோயில் குளங்களும் தீர்த்தங்கள்தானே? பரிகாரம் என்று பழைய துணியையும், பூவோடு பிளாஸ்டிக் பையையும் அதில் போட்டால், கடக்க வேண்டிய துறையை நாமே அடைத்தவர்கள் ஆவோம். குளத்தைத் தூய்மையாக வைத்திருப்பதும் இறைவனுக்குச் செய்யும் தொண்டே!

இனி தீர்த்தம் வாங்கும்போது, 'இறைவா, என்னைக் கரைசேர்ப்பாய்' என்று மனதுக்குள் சொல்லுங்கள். அந்தச் சொல்லின் பொருளும் அதுதான்.