துரவிலிருந்தவனை அறிந்த தேவன்

கர்த்தருக்குள் பிரியமான பங்காளர்களே,



2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளக்காடாயின. உப்புப் பாத்தியில் மழைநீர் நின்றால் அது வடியவேண்டும், சேற்றை அள்ளவேண்டும், தரையைக் காலால் மிதித்து இறுக்கவேண்டும், அதன்பின்புதான் உப்புநீர் பாய்ச்ச முடியும். அதுவரை கூலி இல்லை. இப்படிப்பட்ட நாட்களில் எங்களிடம் வருகிறவர்கள் வெடித்த பாதங்களைக் காட்டுவதோடு ஒரு கேள்வியையும் கேட்கிறார்கள்: "ஆண்டவருக்கு எங்களைத் தெரியுமா? தெரிந்திருந்தால் ஏன் காக்கவில்லை?"

இக்கேள்வியை அவசரமான ஒரு பதிலால் மூடிவிட நமக்கு உரிமையில்லை. தீர்க்கதரிசிகளின் வாழ்க்கையிலிருந்து மூன்று பாடங்களைக் கவனிப்போம்.

1. அவர் அறிகிறார்

சீரியாவின் ராஜா இஸ்ரவேலுக்கு விரோதமாய் இரகசியமாகத் திட்டமிட்டான். படுக்கையறையில் அவன் பேசியதும் எலிசாவுக்கு வெளிப்படுத்தப்பட்டிருந்தது (2 இராஜாக்கள் 6:8-12). கர்த்தர் எரேமியாவை அழைத்தபோதோ, தாயின் வயிற்றில் உருவாவதற்கு முன்னமே அவனை அறிந்திருந்ததாகச் சொன்னார் (எரேமியா 1:5). ராஜாவின் இரகசியத்தை அறிந்தவருக்குப் பிறவாத குழந்தையும் மறைவானதல்ல. அப்படியானால் பாத்தியில் பலகை பிடித்து உப்பு வாரும் சகோதரியை மட்டும் அவர் அறியாதிருப்பாரோ?

2. அறிந்ததை அறிவிக்கிறார்

எலிசா தான் அறிந்ததைத் தன்னோடே வைத்துக்கொள்ளவில்லை. இஸ்ரவேலின் ராஜாவுக்கு ஆள் அனுப்பி எச்சரித்தான். ராஜாவும் அந்தச் சொல்லுக்குச் செவிகொடுத்துப் பலமுறை தப்பினான். எசேக்கியேல் 33-ஆம் அதிகாரத்திலும் ஆபத்தைக் கண்டும் எக்காளம் ஊதாத காவலாளனிடத்தில் கர்த்தர் கணக்குக் கேட்கிறார். அறிவு எச்சரிப்பாக மாறும்போதே அது பாதுகாப்பாகிறது.

நம் கரையோர மக்கள் இதைக் கண்ணீரோடு கற்றார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திரா அருகே பூமி அதிர்ந்ததற்கும் நம் கரையில் அலை ஏறியதற்கும் நடுவே இரண்டு மணி நேரத்திற்கும் மேல் இருந்தது. ஆனால் குப்பங்களுக்குச் சொல்ல அன்று ஒரு காவலாளன் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிப்பு அமைப்பு அப்போது கிடையாது. 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிப்பு மையம் ஏற்பட்டது. இப்படிப்பட்ட காவலையும் தேவனுடைய இரக்கமென்றே நாங்கள் எண்ணுகிறோம்.

3. மனிதரின் கைகளால் தூக்குகிறார்

எருசலேம் முற்றிக்கையிடப்பட்ட நாட்களில் பிரபுக்கள் எரேமியாவைத் துரவிலே போட்டார்கள். அதில் தண்ணீர் இல்லை, உளைதான் இருந்தது. தீர்க்கதரிசி அதிலே அமிழ்ந்தான் (எரேமியா 38:6). வானத்திலிருந்து அக்கினி ரதம் வரவில்லை. எபெத்மெலேக் என்னும் எத்தியோப்பியன் வந்தான். அந்நியனாகிய அவன் ராஜாவினிடத்தில் துணிந்து பேசி, முப்பது பேரோடு சென்றான். போகும் வழியில் பழந்துணிகளையும் கந்தைகளையும் தேடி எடுத்துக்கொண்டான். கயிறு அறுக்காதபடிக்கு அவற்றை அக்குள்களில் வைத்துக்கொள்ளும்படி எரேமியாவுக்குச் சொன்னான்.

தூக்குவதற்குக் கயிறு மாத்திரம் போதுமே! ஆனாலும் பசியால் மெலிந்த ஒருவனுடைய தோல் எவ்வளவு நோகும் என்று அவன் எண்ணிப்பார்த்தான். எங்கள் செவிலியர் புண்ணான பாதத்திற்குக் கட்டுப்போடும் முன் பஞ்சை மெதுவாக வைக்கும்போதெல்லாம் எபெத்மெலேக்கின் கந்தைகள் எங்கள் நினைவுக்கு வருகின்றன. கர்த்தர் அந்தக் கந்தைகளையும் கண்டார். நகரம் விழும் நாளில் அவனைக் காப்பதாக வாக்குக் கொடுத்தார் (எரேமியா 39:15-18).

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எரேமியா பேசிய அதே செய்தியைப் பேசிய உரியா என்னும் தீர்க்கதரிசி எகிப்துக்கு ஓடியும் பிடிபட்டான். யோயாக்கீம் ராஜா அவனைப் பட்டயத்தால் வெட்டினான். எரேமியாவோ அகீக்காமின் ஆதரவால் தப்பினான் (எரேமியா 26:20-24). உரியாவைக் கர்த்தர் அறியாதிருந்தாரா? அல்ல; அவன் பெயரைத் தம்முடைய வேதத்தில் எழுதிவைத்தார். ஏன் ஒருவன் தப்பினான், ஒருவன் மரித்தான் என்பதற்கு வேதம் விடை தரவில்லை. ஆகவே பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாயிடம் "விசுவாசம் குறைவு" என்று ஒருபோதும் சொல்லாதிருப்போம். அவளருகே உட்காருவோம், அவள் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபிப்போம்.

"ஆண்டவருக்கு எங்களைத் தெரியுமா?" என்று கேட்கிறவர்களுக்கு, "தெரியும், அதனால்தான் எங்களை அனுப்பினார்" என்று சொல்லும்படிக்கு நம் வாழ்க்கை இருக்கவேண்டும். உங்கள் சபையில், உங்கள் தெருவில் இன்று துரவிலிருப்பவர் யார்? அகீக்காமைப்போல அவருக்காகப் பேச முடியுமா? எபெத்மெலேக்கைப்போலக் கயிற்றோடு கந்தையையும் எடுத்துச் செல்ல முடியுமா?

ஜெபிப்போம்: அறிந்திருக்கிற தேவனே, நீர் அறிந்தவர்களை நாங்களும் அறிந்துகொள்ளச் செய்யும். எச்சரிக்க எங்களுக்கு வாயையும், தூக்கிவிட மென்மையான கைகளையும் தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள்,
மருத்துவ ஊழியக் குடும்பத்தார்